கடலுக்குள் தூங்கிய வில்கள்!



வில் என்றதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்கள்? ராமரா? அர்ஜுனனா? கட்டை விரலைக் கொடுத்த ஏகலைவனா? கதைப் புத்தகம் நிறையப் படிக்கிறவர்களுக்கு ராபின் ஹூட்டும் நினைவுக்கு வருவார்.

ராபின் ஹூட் படங்களை நன்றாகப் பாருங்கள். அவர் கையில் இருக்கும் வில், அவர் உயரத்துக்கே இருக்கும். இங்கிலாந்து நாட்டின் புகழ்பெற்ற வில் அது. ஆங்கிலத்தில் ‘லாங்போ’ என்பார்கள். நாம் ‘நெடுவில்’ என்று வைத்துக் கொள்வோமா?

உங்களில் சிலர் அஞ்சல் தலை சேர்ப்பீர்கள். சிலர் பழைய நாணயம் சேர்ப்பீர்கள். அதுபோலவே, கையால் செய்த நெடுவில்களைத் தேடித் தேடிச் சேகரிக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். ‘ஒரு கழியையும் ஒரு கயிற்றையும் சேர்த்து வைப்பதில் என்ன இருக்கிறது?’ என்று தோன்றுகிறதா? இந்தக் கட்டுரையைப் படித்து முடித்த பிறகு அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

ஊரெல்லாம் வில்!

சுமார் 600, 700 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் பெரிய பலமே இந்த நெடுவில்தான். 1346-இல் கிரெஸி என்ற இடத்திலும், 1415-இல் அஜின்கோர் என்ற இடத்திலும் பிரெஞ்சுப் படையை இங்கிலாந்துப் படை வென்றது. இரண்டு போர்களிலும் முன்னால் நின்று அம்பு மழை பொழிந்தவர்கள் சாதாரண கிராமத்து மனிதர்கள்!

இந்த வில்லை ஒரே நாளில் பழகிவிட முடியாது. சின்ன வயதிலிருந்தே பழக வேண்டும். அதனால், விடுமுறை நாட்களில் ஆண்கள் எல்லோரும் வில் பழக வேண்டும் என்று 1363-இல் மூன்றாம் எட்வர்ட் மன்னர் ஆணையே போட்டார்!

இத்தனை பேருக்கும் வில் வேண்டுமே? நல்ல மரத்துக்குப் பஞ்சம் வந்தது. 1472-இல் இன்னொரு சட்டம் வந்தது. வில் மரம் விளையும் ஊர்களிலிருந்து சரக்கு ஏற்றி வரும் கப்பல்கள், ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில் கட்டைகளையும் கொண்டுவர வேண்டும் என்பது அந்தச் சட்டம்.

வில் செய்வது ஒரு தொழில். அம்பு செய்வது வேறு தொழில். நாண் திரிப்பது இன்னொரு தொழில். வில் செய்பவருக்கு ‘போயர்’ என்று பெயர். அம்பு செய்பவர் ‘ஃபிளெட்சர்’. வில் எய்பவர் ‘ஆர்ச்சர்’. இந்தப் பெயர்களை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஜோஃப்ரா ஆர்ச்சர்! 2011 முதல் 2015 வரை நம் இந்திய கிரிக்கெட் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் டங்கன் ஃபிளெட்சர்! தொழிற்பெயர்களே குடும்பப் பெயர்களாகி இன்று வரை ஒட்டிக் கொண்டிருக்கின்றன.

எல்லோரிடமும் இருந்தது... யாரும் வைக்கவில்லை!

பிறகு துப்பாக்கி வந்தது. 16-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்துப் படையில் வில்லின் காலமும் முடிந்துவிட்டது.

அந்தப் பழைய வில்கள் எல்லாம் என்ன ஆயின? கத்தியையும் கவசத்தையும் அரண்மனைகளில் பத்திரமாக மாட்டி வைத்தார்கள். தங்கப் பிடி போட்ட வாளுக்கு மதிப்பு இருந்தது. ஆனால் வில்? அது ஏழை எளியவர் கையில் இருந்த மரக்கழி. ஒடிந்ததும் அடுப்பில் போட்டிருப்பார்கள். ஒடியாதது பூச்சி அரித்து, மக்கிப் போயிருக்கும்.

ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இருந்த பொருள். ‘இதை யாராவது எடுத்து வைப்பார்கள்’ என்று கூட யாரும் நினைக்கவில்லை. விளைவு? போர்க்கால நெடுவில் எத்தனை நீளம், எத்தனை தடிமன், எவ்வளவு பலம் என்று பிற்காலத்தில் ஆராய வந்தவர்களுக்குக் கிடைத்த வில்கள், விரல் விட்டு எண்ணக் கூடியவை மட்டுமே. மற்றதெல்லாம் ஊகம்தான்.

கடல் எடுத்து வைத்தது!

மனிதர்கள் சேகரிக்கத் தவறியதைக் கடல் சேகரித்து வைத்திருந்தது. எப்படி?

எட்டாம் ஹென்றி மன்னரின் போர்க்கப்பல்களில் ஒன்று ‘மேரி ரோஸ்’. 1545 ஜூலை 19-ஆம் தேதி, போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு அருகே பிரெஞ்சுக் கப்பல்களை எதிர்க்கப் புறப்பட்டபோது அது கவிழ்ந்து மூழ்கியது. நூற்றுக்கணக்கான வீரர்கள் இறந்து போனார்கள்.

கப்பலின் ஒரு பாதி கடலடிச் சேற்றில் புதைந்தது. சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லை அல்லவா? அதனால் மரத்தை அரிக்கும் உயிரினங்கள் அங்கே அண்ட முடியவில்லை. மரம் மக்காமல் தப்பித்தது.

1836-இல் மீனவர்களின் வலை அந்த இடத்தில் எதிலோ சிக்கியது. முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்து, சில பீரங்கிகளையும் சில வில்களையும் எடுத்தார்கள். பிறகு அந்த இடம் மீண்டும் மறந்து போயிற்று. 1971-இல் ஆராய்ச்சியாளர்கள் கப்பலை மறுபடி கண்டுபிடித்தார்கள். 1982 அக்டோபர் 11-ஆம் தேதி அதைக் கடலிலிருந்து தூக்கினார்கள்.

கப்பலில் கிடைத்த நெடுவில்கள் எத்தனை தெரியுமா? 172! ஆயிரக்கணக்கான அம்புகளும் கிடைத்தன. சில வில்கள், மரப்பெட்டிக்குள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. அந்த வில்களின் சராசரி நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். உங்கள் வகுப்பறைக் கதவின் உயரம்!

அவற்றை முழுதாக இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். குறைந்தது 45 கிலோ எடையைத் தூக்கும் பலம். சில வில்களுக்கு 80 கிலோவுக்கும் மேல்! ஒரு சிமென்ட் மூட்டையின் எடை 50 கிலோ. அதை ஒரே இழுப்பில் இழுப்பதாக நினைத்துப் பாருங்கள். அதுவும் நிமிடத்துக்குப் பல முறை! கப்பலில் கிடைத்த சிலருடைய எலும்புக்கூடுகளில், தோள்பட்டை எலும்பே மாறுபட்டிருந்தது. சிறு வயதிலிருந்து வில் இழுத்ததால் இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

இன்னொரு விஷயம்தான் என் மனதைத் தொட்டது. பல வில்களின் நடுப்பகுதியில் சின்னச் சின்னக் குறிகள் இருக்கின்றன. புள்ளிகள், கோடுகள். ‘இது நான் செய்தது’ என்று வில் செய்தவர் இட்ட முத்திரையாக இருக்கலாம். ஆனால் அந்தக் குறிக்கு உரியவர் யார்? அவர் பெயர் என்ன? இன்று சொல்ல ஆள் இல்லை. வில் கிடைத்துவிட்டது; செய்தவர் பெயர் கிடைக்கவில்லை!

ஒரே மரத்தில் இரண்டு மரம்!

நல்ல நெடுவில் ‘யூ’ என்ற மரத்தில் செய்யப்படுகிறது. ஏன் அந்த மரம்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை. பெரிய அழிரப்பர் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் பக்கவாட்டில் பேனாவால் நெருக்கமாகக் குறுக்குக் கோடுகள் போடுங்கள். இப்போது ரப்பரை வில் போல வளையுங்கள். என்ன தெரிகிறது? வெளிப்பக்கம் கோடுகள் விலகுகின்றன. உள்பக்கம் கோடுகள் நெருங்குகின்றன. அதாவது, வளையும் பொருளின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் நசுங்குகிறது.

வில்லிலும் இதேதான் நடக்கிறது. வெளிப்பக்கத்துக்கு, இழுத்தால் அறுந்து போகாத மரம் வேண்டும். உள்பக்கத்துக்கு, நசுக்கினாலும் திரும்பி வரும் மரம் வேண்டும்.

உயிரியல் பாடத்தில் சாற்றுக்கட்டை, வைரக்கட்டை என்று படித்திருப்பீர்கள். சின்ன வகுப்புக் குழந்தைகளுக்குச் சொல்கிறேன்: மரப்பட்டைக்கு அடுத்து வெளிறிய நிறத்தில் இருப்பது சாற்றுக்கட்டை. அதற்கும் உள்ளே அழுத்தமான நிறத்தில் இருப்பது வைரம் பாய்ந்த வைரக்கட்டை. யூ மரத்தின் சாற்றுக்கட்டை இழுவையை நன்றாகத் தாங்கும். வைரக்கட்டை நசுங்கலை நன்றாகத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் கட்டையைப் பிளந்து எடுத்தால், பசையும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். இயற்கையே இரண்டு மரத்தை ஒட்டிக் கொடுத்துவிட்டது!

சிறு பட்டறையில் ஒரு வில்

இன்று போட்டிகளில் பார்க்கும் வில்கள் உலோகத்திலும் கார்பன் இழையிலும் தொழிற்சாலைகளில் தயாராகின்றன. ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிறு பட்டறை வைத்து, ஒவ்வொரு வில்லாகக் கையால் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போமா?

மரத்தை வெட்டி, பிளந்து, நிழலில் வைத்து உலர்த்துவார்கள். இதற்கே ஓராண்டு, ஈராண்டு, அதற்கு மேலும் ஆகலாம்! அவசரப்பட்டால் வில் வளைந்தபடியே நின்றுவிடும்.

அடுத்தது, இரண்டு பக்கமும் பிடி வைத்த இழைப்புக் கத்தியால் செதுக்குவது. வில்லின் வெளிப்பக்கம் ஒரே ஆண்டு வளையம் நுனி முதல் நுனி வரை அறுபடாமல் ஓட வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய் வளையம் அறுபட்டால், என்றாவது ஒருநாள் வில் அந்த இடத்தில் ஒடியக் கூடும். மரத்தில் கணு இருந்தால், அதைச் சுற்றிக் கொஞ்சம் மரத்தை மேடாக விட்டுச் செதுக்குவார்கள்.

கடைசியாக வருவதுதான் கடினமான வேலை. வில்லைச் சுவரில் ஒரு தாங்கியில் மாட்டி, நாணைக் கொஞ்சமாக இழுத்து, தள்ளி நின்று பார்ப்பார்கள். இரண்டு கைகளும் ஒரே மாதிரி வளைகின்றனவா? (நடுப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகளை வில்லின் ‘கை’ என்கிறேன்.) எந்த இடம் வளையாமல் விறைப்பாக நிற்கிறதோ, அந்த இடத்தில் அரத்தால் மெல்லச் சுரண்டுவார்கள். மறுபடி இழுப்பார்கள், மறுபடி பார்ப்பார்கள். கூடுதலாகச் சுரண்டிவிட்டால் மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. வில் பலமிழந்துவிடும். எத்தனை வாரம் செய்த வேலையும் அந்த ஒரு நிமிடத்தில் வீண்!

நுனிகளில் மாட்டுக் கொம்பால் குப்பி போட்டு, அதில் நாண் மாட்டப் பள்ளம் வெட்டுவார்கள். எண்ணெயோ தேன்மெழுகோ பூசி மெருகேற்றுவார்கள். பிறகு தன் பெயரையும், வில்லின் பலத்தையும் எழுதுவார்கள். ‘45 @ 28’ என்று எழுதியிருந்தால், அம்பை 28 அங்குலம் இழுக்க 45 பவுண்டு பலம் வேண்டும் என்று பொருள். 45 பவுண்டு என்பது சுமார் 20 கிலோ.

இரண்டு மரங்கள் ஒரே மாதிரி வளர்வதில்லை. அதனால் கையால் செய்த இரண்டு வில்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சேகரிப்பவர்களை இழுப்பது இதுதான்!

சேகரிப்பவர் கண் எங்கே போகும்?

* ஆண்டு வளையம்: முதுகில் ஒரே வளையம் ஓடுகிறதா, அறுபட்டிருக்கிறதா?

* கணு: கணுக்களைச் செய்தவர் எப்படிச் சமாளித்திருக்கிறார்? கணுவே இல்லாத வில்லை விட, கணுவைக் கெட்டிக்காரத்தனமாகக் கையாண்ட வில்லை ரசிக்கிறவர்கள் உண்டு.

* வளைவு: நாண் மாட்டினால் இரண்டு கைகளும் சீராக வளைகின்றனவா? ஒரே இடத்தில் முறிந்தது போல் வளைந்தால் அது குறை.

* உள்பக்கம்: முடி போல மெல்லிய குறுக்கு வெடிப்புகள் இருக்கின்றனவா? இருந்தால் மரம் நசுங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த வில்லை இழுக்கவே கூடாது.

* பெயர்: யார் செய்தது? எந்த ஊர்?

முதலில் விலையைப் பார்க்கிறவர் வியாபாரி. முதலில் வேலையைப் பார்க்கிறவர்தான் உண்மையான சேகரிப்பாளர்.

வில்லைக் காத்தவர்கள்

லண்டனில் சர் ஆஷ்டன் லீவர் என்பவர் இருந்தார். பறவைகள், சங்குகள் என்று சேர்த்து அருங்காட்சியகமே வைத்திருந்தார். அவரிடம் வேலை பார்த்தவர் தாமஸ் வாரிங். மேஜை முன் குனிந்தே உட்கார்ந்திருந்ததால் வாரிங்குக்கு நெஞ்சு வலி வந்ததாம். உடற்பயிற்சிக்காக வில் பழகினார், குணமானது. அதைப் பார்த்து லீவரும் வில் பழக, 1781-இல் இருவருமாக வில் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். போருக்குத் தேவைப்படாமல் போன வில், விளையாட்டாக மறுபிறவி எடுத்தது! வாரிங், வில் செய்பவராகவும் பெயர் பெற்றார். பின்னாளில் லண்டனின் ஆல்ட்ரெட், எடின்பரோவின் பீட்டர் மியூர் போன்ற வில் செய்பவர்கள், தங்கள் பெயரை வில்லிலேயே முத்திரையிட்டார்கள். அந்த வில்கள் இன்று சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன, செய்தவர் பெயரோடு!

இங்கோ சைமன், எர்னா சைமன் என்ற தம்பதியர் பல நாட்டு வில்களைச் சேர்த்தார்கள். எர்னா 1937-இல் மகளிர் வில்வித்தை உலகச் சாம்பியன்! தாங்கள் சேர்த்ததைத் தங்களோடு வைத்துக் கொள்ளாமல் மான்செஸ்டர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் இருந்தார். 1911-இல் கலிஃபோர்னியாவில், யாஹி என்ற பழங்குடியின் கடைசி மனிதர் தனியாக வெளியுலகுக்கு வந்தார். அவரை ‘இஷி’ என்று அழைத்தார்கள். அவரிடம் போப், வில் செய்யவும் எய்யவும் கற்றார். இஷி 1916-இல் காசநோயால் இறந்தார். ஆனால் அவர் வில் செய்த முறை அழியவில்லை. மரம் எது, அளவு என்ன, நரம்பை எப்படி ஒட்டினார் என்று போப் ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருந்தார். அதே போப், லண்டன் கோபுரத்தில் இருந்த மேரி ரோஸ் வில்லின் அளவை வைத்து, அதுபோலவே ஒரு வில்லைக் கலிஃபோர்னியாவில் செய்து எய்து பார்த்தார். ஒரு வில்லை ஒருவர் எடுத்து வைத்ததால், உலகத்தின் மறுபக்கத்தில் இன்னொருவர் அதை மீண்டும் செய்ய முடிந்தது!

ஹாரி பாட்டர் படம் பார்த்திருக்கிறீர்களா? மந்திர அமைச்சர் கார்னீலியஸ் ஃபட்ஜாக நடித்தவர் ராபர்ட் ஹார்டி. அவர் நெடுவில் ஆராய்ச்சியில் பெரிய ஆள்! 1976-இல் நெடுவில்லின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். மேரி ரோஸ் வில்களை ஆராயவும் உதவினார். 2017-இல் காலமானார்.

வில்லை எப்படிப் பாதுகாப்பது?

வேலை முடிந்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும். வளைந்தே இருந்தால் மரம் அப்படியே பழகிவிடும். மூலையில் சாத்தி வைக்கக் கூடாது. படுக்க வைக்கலாம், அல்லது இரண்டு முளைகளில் கிடையாக வைக்கலாம். வெயிலும் கூடாது, ஈரமும் கூடாது. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய வேகம் முழுவதும் வில்லுக்கே திரும்பி, வில் ஒடிந்து போகலாம். மிகப் பழைய வில்லுக்கு நாண் மாட்டிப் பார்ப்பதே தவறு.

ஒன்று மறந்துவிடாதீர்கள். விளையாட்டு வில்லாக இருந்தாலும் மனிதர் மீதோ பிராணிகள் மீதோ குறி வைக்கக் கூடாது. வில் பழக ஆசையா? பயிற்சியாளர் முன்னிலையில் மட்டும் பழகுங்கள்.

நீங்களும் சேகரிப்பாளர்தான்!

‘எங்களுக்கு நெடுவில் எங்கே கிடைக்கும்?’ என்று கேட்கிறீர்களா? வில்தான் வேண்டும் என்பதில்லை. கையால் செய்த பொருள் எதுவானாலும் சரி. பம்பரம், பல்லாங்குழிப் பலகை, மரப்பாச்சி, ஓலைக் கூடை... வீட்டில் தேடிப் பாருங்கள்.

பொருளை எடுத்து வைத்தால் மட்டும் போதாது. ஒரு நோட்டு போடுங்கள். என்ன பொருள்? எதனால் செய்தது? செய்தவர் பெயர் என்ன? எந்த ஊர்? எப்போது வாங்கியது? இந்த ஐந்து கேள்விக்கும் பதில் எழுதுங்கள். தெரியாவிட்டால் தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். அவர்களுக்குத்தான் தெரியும், இப்போதே கேட்டுவிடுங்கள்.

மேரி ரோஸ் வில்கள் இன்று போர்ட்ஸ்மத்தில், 2013-இல் திறந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் நீளம் தெரியும், தடிமன் தெரியும், பலம் தெரியும். அந்தச் சின்னக் குறிகளை இட்டவர்களின் பெயர்தான் தெரியாது. அவர்கள் உயிரோடு இருந்தபோது ஒருவர் கேட்டு எழுதி வைத்திருந்தால், ஒரே ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கும்.

அந்த ஒரு வரியை உங்கள் நோட்டில் எழுதுவீர்கள்தானே?